ஒன்றாம் நம்பர் உறுப்பினர்

மூன்றாவது தடவையாகக் காகிதக் கட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு கிள்ளானில் பஸ் ஏறியபோது அழகேசனுக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கோபம் மட்டும் தாராளமாக இருந்தது. கூட்டுறவு இலாகா அதிகாரிமேல் படலாம் என்றால், அந்த மனிதர் தேத்தண்ணீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் திருப்பி அனுப்பினார். சங்கத் தலைவர் ரெங்கசாமிமேல் படலாம். ஆனால் பிறர் கோபத்துக்கெல்லாம் அசைகிற உடம்பு இல்லை அவருடையது. மிச்சம் இருந்தது மாரியம்மன். இத்தனைக்கும் காரணம் அவள்தான். அவள்மேல் கோபப்படுகிற துணிச்சல் அழகேசனுக்கு அதுவரை வரவில்லை.

ஒத்தைப்பாலத் தோட்டத்துத் தொழிலாளர்கள் நடத்தும் ஐக்கிய சங்கத்துக்கு அழகேசன் செயலாளர். ஏதோ பெரிய பதவி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவன் எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். மலாயில் பிழையில்லாமல் எழுதுவான் என்ற ஒரே குற்றத்துக்காக, ஒரு கூட்டத்தில் அவன் ஒன்றுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறார்கள் என்று தெரியாமல் அவனும் சேர்ந்து தட்டினான்.

தோட்டத்துக்குள் வந்துபோன பஸ் போன வருடத்தோடு நின்றுபோயிற்று. கோலசிலாங்கூர் இடைநிலைப்பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் செம்பனை மரக்காட்டுக்குள் நடந்து, பாலம் தாண்டி, பெரிய சாலைக்குப் போய் பஸ் பிடிக்க வேண்டும். அதனால் சங்கமே ஒரு வேன் வாங்கி ஓட்டுவது என்று முடிவாயிற்று. வேனையும் பார்த்தாகிவிட்டது. லோரி ஓட்டுகிற தங்கராஜு காலையும் மத்தியானமும் வேனையும் ஓட்டித் தருவதாகச் சொல்லிவிட்டான். பெர்மிட் ஒன்றுதான் பாக்கி. அதைக் கொடுக்கிறவர்கள், சங்கம் ஒழுங்காக நடக்கிறது என்று கூட்டுறவு இலாகாவிடமிருந்து ஒரு நன்னிலைச் சான்றிதழ் கொண்டு வா என்றார்கள். தோட்டத்தார் வாயில் அதற்கு 'சிஜில்' என்று பெயர்.

முன்பெல்லாம் ஒரு கடிதம் போட்டால் சிஜில் வந்துவிடும். இரண்டு வருடத்துக்கு முன்னால் பட்டணத்துப் பெரிய கூட்டுறவுகள் சில முடங்கிப்போய், ஜனங்கள் கதறிய கதறல் நாடு முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு, இந்த எண்பத்தெட்டில், இலாகா எதையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில்லை. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பெயர், ஐ.சி. என்கிற அடையாளக் கார்டின் நம்பர், எல்லாம் வேண்டும். அழகேசன் தொழிலாளர் வீடுகள் இருக்கிற லயம் லயமாக ஏறி இறங்கி எல்லார் ஐ.சி.யையும் பார்த்து எழுதிவிட்டான். முதல் வரியில் மட்டும் கட்டம் காலியாகக் கிடந்தது. உறுப்பினர் எண் ஒன்று, மாரியம்மன்.

சங்கம் தொடங்கிய காலத்தில், பிள்ளையார் சுழி போட்டுவிட்டு எழுதுகிற மாதிரி, முதல் பங்கை அம்மன் பேரில் எடுத்திருக்கிறார்கள். அப்போது கணக்கெழுதிக்கொண்டிருந்த கிராணி அதை நல்ல கையெழுத்தில் பதிவு செய்துவிட்டுக் கும்பிட்டிருக்கிறார். இத்தனை வருடமாகப் பார்த்த எந்த அதிகாரிக்கும் அது ஏதோ ஒரு பெண்பிள்ளையின் பேராகத்தான் பட்டிருக்கிறது. இப்போதைய இலாகா அதிகாரி என்சிக் ரொஸ்லி ஒருவர்தான் அந்தக் காலிக் கட்டத்தில் பேனாவை வைத்து நிமிர்ந்து பார்த்தவர்.

இவர் இறந்துவிட்டாரா என்று கேட்டார். அழகேசன் நாக்கைக் கடித்துக்கொண்டு இல்லை என்றான். அப்படியானால் உயிரோடு இருக்கிறாரா? இருக்கிறார். எங்கே? தோட்டத்தில்தான். கூட்டங்களுக்கு வருவாரா? தவறாமல், கூட்டமே அவர் வீட்டு வாசலில்தான் நடக்கிறது. பிறகு ஐ.சி.யைக் காட்டுவதில் அவருக்கு என்ன கஷ்டம் என்று ரொஸ்லி கேட்டபோது, அழகேசன் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு உண்மையைச் சொன்னான்.

ரொஸ்லி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அழகேசனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் தமக்கு எந்தச் சாமிமேலும் மரியாதைக் குறைவு இல்லை என்றும், ஆனால் ஆளில்லாத பேரை வைத்துக்கொண்டு சிஜிலில் கையெழுத்துப் போட்டால் தம் வேலை போய்விடும் என்றும் சொன்னார். பேரை எடுப்பதற்கு வழி இருக்கிறதாம். மரணச் சான்றிதழ் கொடுக்கலாம். அவரே கையெழுத்திட்ட விலகல் கடிதம் கொடுக்கலாம். இல்லாவிட்டால் பொதுக்கூட்டம் போட்டு நீக்கலாம். இதில் எது வசதியோ அதைச் செய்யுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்தால் அங்கே மனைவி ரமணி. அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் சோற்றைப் போட்டு வைத்தாள். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் ஆரம்பித்தாள்.

"ஏப்ரல் லீவு வரைக்கும்தான் நான் பாப்பேன். வேன் வந்துச்சுன்னா அவ படிக்கட்டும். வரலன்னா நிறுத்திடுங்க. செம்பனக்குள்ள இனிமே எம் புள்ளைய நடக்க விடமாட்டேன்."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஜனவரியில் ஒரு மழை நாளில் மோட்டார் சைக்கிளில் இரண்டு தடியன்கள் மகள் சந்திரிகாவைப் பின்தொடர்ந்து வந்திருக்கிறார்கள். பெண் ஓடி வந்தாள். வீட்டு வாசலில் வந்து நின்றபோது ஒரு காலில் சப்பாத்து இல்லை. அன்றிலிருந்து காலையில் அழகேசன் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய்ப் பெரிய சாலையில் விடுகிறான். திரும்பி வரும் நேரத்தில் அவன் ஆலையில் இருப்பான். அந்த நேரம் முழுக்க ரமணி பாலத்துப் பக்கம் பார்த்தபடியே நிற்பாள். பக்கத்து வீட்டு லெட்சுமி ஏற்கெனவே பள்ளியை விட்டு நின்று தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாள். சந்திரிகாவுக்கு இந்த வருடம் எஸ்.ஆர்.பி. அரசாங்கப் பரீட்சை. வகுப்பில் அவள் கணக்கில் முதல். இதையெல்லாம் ரமணியிடம் சொல்லிப் பயனில்லை. அவளுக்கும் தெரியும்.

வேறு வழியில்லாமல் கூட்டம் போட்டார்கள். ஒருத்தரை நீக்குவதற்கான கூட்டத்தை அவர் வீட்டு வாசலிலேயே போடுகிற சங்கம் வேறு எங்காவது இருக்குமா தெரியவில்லை. வேலையாட்களை மேய்த்து ஓய்வுபெற்ற மண்டோரும் சங்கத் தலைவருமான ரெங்கசாமி, நாற்காலியைச் சன்னதிக்கு முதுகு காட்டாமல் போட வேண்டும் என்று இடம் மாற்றி மாற்றிப் போட்டதிலேயே பாதி நேரம் போயிற்று.

மரணச் சான்றிதழ் என்று அழகேசன் வாயெடுத்ததும் அந்த வாக்கியத்தை யாரும் முடிக்க விடவில்லை. விலகல் கடிதத்துக்கு வந்தான். பூசாரி சின்னையா அம்மன் சார்பில் கையெழுத்துப் போடலாமே என்று யாரோ சொன்னார்கள். தான் விளக்கேற்றுகிறவனே தவிர அவளுக்குக் கையெழுத்துப் போடுகிறவன் இல்லை என்று சின்னையா எழுந்து போய்விட்டார். தோட்டத்தில் மாரியம்மா என்று பேர் வைத்த பெண்கள் நாலு பேர் இருக்கிறார்களே, அதில் ஒருத்தியின் ஐ.சி. நம்பரை எழுதிவிட்டால் என்ன என்று ரெங்கசாமி ஒரு யோசனை சொன்னார். அது ஜெயிலுக்குப் போகிற யோசனை என்று அழகேசன் சொல்வதற்கு முன்னாலேயே, நாலு மாரியம்மாக்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்துவிட்டார்கள். அம்மன் இடத்தில் தாங்களா என்று அவர்களுக்கு உதறல்.

கடைசியில் நீக்கும் தீர்மானம். விதிப்படி முக்கால்வாசிப் பேர் கை தூக்க வேண்டும். அதற்குள் வேலம்மா எழுந்துவிட்டாள். செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்குகிற வேலம்மா எழுந்து நின்றால் தோட்டத்தில் மற்றவர்கள் உட்கார்ந்துகொள்வது வழக்கம்.

"நீக்கறதுன்னா ஒரு தப்பு செஞ்சிருக்கணும்ல? அம்மா என்ன தப்பு செஞ்சா? கடன் வாங்கினாளா? வாங்கிட்டு ஆள் கண்ணுல படாம ஓடினாளா?"

இதைக் கேட்டு முன்வரிசையில் இரண்டொருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் கதை வேறு. வேலம்மா உட்கார்ந்தாள். அழகேசன் தீர்மானத்தைப் படித்து, சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றான். ஒருத்தரும் தூக்கவில்லை. பிள்ளைகளை நாள்தோறும் பயந்து பயந்து அனுப்புகிற பெற்றோர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். லெட்சுமியின் அப்பா இருந்தார். எல்லாரும் கோபுரத்தைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேன் வேண்டும், சிஜில் வேண்டும், அம்மனும் பட்டியலில் இருக்க வேண்டும். இந்த ஜனங்களைக் கட்டி மேய்ப்பதற்கு நான் என்ன பாவம் செய்தேன் என்று அழகேசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கைகூடவா இல்லை என்று கேட்க வாய் திறந்தான். அப்போதுதான் கவனித்தான், அவனுடைய கையும் மடியில்தான் கிடந்தது.

அது அவனை எல்லாவற்றையும்விட அதிகமாக எரிச்சல்படுத்தியது.

அந்த வாரக் கடைசியில் சோமு வந்தான். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, பொண்டாட்டி பிள்ளைகளோடு குடிபோகிறான். சங்கத்துப் பங்கை முடித்துக் கொடு என்று கேட்டான். இது எப்போதும் நடப்பதுதான். ஆட்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். அழகேசன் பதிவேட்டை எடுத்துச் சோமுவின் பேரில் கோடு போட்டு, பக்கத்தில் வழக்கமாக எழுதுகிற காரணத்தை எழுதினான். சங்க எல்லையை விட்டு வெளியேறும் உறுப்பினர், வெளியேறிய நாளிலிருந்து உறுப்பினர் அல்லர். கூட்டம் வேண்டாம், கை தூக்க வேண்டாம், நிர்வாகக் குழு தேதியைக் குறித்துக்கொண்டால் போதும்.

எழுதி முடித்த பிறகு அவன் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தான். என்ன அண்ணே என்று சோமு கேட்டான். ஒன்றுமில்லை, நீ நல்லபடியாகப் போய் வா என்று அவனை அனுப்பிவிட்டு, அழகேசன் தன்னந்தனியாகச் சிரிக்க ஆரம்பித்தான். அடுக்களையிலிருந்து ரமணி எட்டிப் பார்த்தாள். மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தாள்.

வருடா வருடம் மாசி மகத்துக்கு ஒத்தைப்பாலத்து மாரியம்மன் லோரியில் ஏறி, பாலம் தாண்டி, சுங்கை செம்பிலாங் கடற்கரைக்குப் போய் நீராடிவிட்டு வருவாள். பாலம்தான் தோட்டத்தின் எல்லை. சங்கத்தின் எல்லையும் அதுதான். மாசி மகத்துக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது.

மறுபடி கிள்ளான். மறுபடி தேத்தண்ணீர். ரொஸ்லி அந்த விதியை இரண்டு தடவை படித்தார். இவர் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் தாமாகவே போகிறாரா என்று கேட்டார். ஆமாம், கடலில் குளிக்க. வெளியேறுகிறவர் எத்தனை நாள் வெளியே இருக்க வேண்டும் என்று விதியில் இல்லையே என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். திரும்பி வருவாரா என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் தேத்தண்ணீரைக் குடித்தார். யார் திரும்பி வந்தாலும் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், விண்ணப்பத்துக்கு ஐ.சி. கட்டாயம் என்று மட்டும் சொன்னார். அப்போதும் அவர் சிரிக்கவில்லை. பல்லை இறுகக் கடித்திருந்தது கன்னத்தில் தெரிந்தது.

ரெங்கசாமிக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. யாரும் யாரையும் நீக்கவில்லை, அம்மா தானாகவே போகிறாள், நம் தலையில் பழி இல்லை என்று அவரே கண்டுபிடித்த மாதிரி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். வேலம்மா மட்டும் சம்மதிக்க ஒரு நிபந்தனை போட்டாள். போகிறவளிடம் விஷயத்தைச் சொல்லாமல் பாலம் தாண்ட வைப்பது துரோகம். பாலத்தில் லோரியை நிறுத்தி, செயலாளர் தன் வாயால் அம்மாவிடம் சொல்ல வேண்டும். இது விதியில் எங்கே இருக்கிறது என்று அழகேசன் கேட்டான். எல்லாம் விதியில் இருக்காது என்றாள் அவள்.

மாசி மகத்தன்று லோரிக்குத் தென்னங்குருத்தும் மாவிலையும் கட்டி, அம்மனை ஏற்றி, உருமி முழங்கப் புறப்பட்டார்கள். தங்கராஜு பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தான். மேளம் ஓய்ந்தது. எல்லாரும் அழகேசனைப் பார்த்தார்கள். ரமணியும் சந்திரிகாவும் கூட்டத்தில்தான் நின்றார்கள். அவன் பணிவாக நாலு வார்த்தை தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தான். லோரியின் பின்பக்கம் போய் நிமிர்ந்து, அந்த மஞ்சள் பூசிய முகத்தைப் பார்த்தான். நாலும் மறந்துபோயிற்று.

"அம்மா, உன்ன யாரும் போகச் சொல்லல. வருஷா வருஷம் போற எடத்துக்குத்தான் போற. ஆனா இந்தத் தடவ பாலம் தாண்டிட்டா சங்கத்துல உம்பேரு இருக்காது. உங்கிட்ட ஐ.சி. இல்ல, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? கிள்ளானுக்கு நான் அலைஞ்ச அலைச்சல் உனக்குத் தெரியாதா? ஒரு வழி காட்டினியா? எம்புள்ள செம்பனக்குள்ள ஓடி வந்தன்னைக்கு நீ இங்கதான இருந்த. ஒன்னாம் நம்பரா இருந்து என்ன செஞ்ச?"

குரல் பாலத்துக்கு அடியில் போய் எதிரொலித்தது. ரெங்கசாமி அவன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். அழகேசன் அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

"கோவம்னா எம்மேல படு. புள்ளைங்கள மட்டும் பத்திரமா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடு."

சின்னையா சட்டென்று தேங்காயை உடைத்துக் கற்பூரம் காட்டினார். தங்கராஜு சாவியைத் திருப்பினான். எஞ்சின் இரண்டு இருமு இருமிவிட்டு அடங்கியது. மறுபடி திருப்பினான். அதுவும் இல்லை.

லோரியின் முன்சக்கரம் எல்லைக்கு அந்தப் பக்கம், பின்சக்கரம் தோட்டத்துக்குள். கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அவளுக்கு இஷ்டமில்லை. திட்டி அனுப்பினால் போவாளா? அழகேசன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அந்த லோரியை ஒரு தடவை அணைத்தால் தள்ளாமல் கிளம்பாது. தோட்டத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நேற்றுச் சாயங்காலம்கூட ஆலை வாசலில் பத்துப் பேர் தள்ளித்தான் கிளம்பியது. இதைச் சொன்னான், தள்ளுங்கள் என்றான். யாரும் கிட்டே வரவில்லை. அவன் மட்டும் பின்பலகையில் கையை வைத்துத் தள்ளினான். ஒரு ஆள் தள்ளி நகர்கிற வண்டியா அது?

வேலம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவனையும் பார்க்கவில்லை, அம்மனையும் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினாள்.

"நடுப் பாலத்துல அம்மாவ வெயில்ல காயப் போட்டுட்டு வேடிக்க பாக்குறீங்களா? தள்ளுங்கடா."

அவள் கை வைத்ததும் ரமணி கை வைத்தாள். பிறகு லெட்சுமியின் அப்பா, நாலு மாரியம்மாக்கள், உருமிக்காரர், அப்புறம் யார் யாரோ. கோயில் வாசலில் தூக்க ஒரு கை இல்லாமல் போன அந்த ஜனம், இப்போது பின்பலகையில் கை வைக்க இடம் கிடைக்காமல் ஒருவர் தோள்மேல் ஒருவர் கையை வைத்துத் தள்ளியது. ரெங்கசாமிகூடத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். லோரி முனகிக்கொண்டே உருண்டு, பாலம் இறங்கி, அந்தப் பக்கத்துச் சரிவில் ஒரு உதறு உதறிக் கரும்புகை விட்டுக் கிளம்பியது. பெண்கள் குலவையிட்டார்கள். அழகேசனுக்கு அழுகை வந்தது. அதையும் எரிச்சலோடுதான் துடைத்துக்கொண்டான். பிறகு தேதியைக் குறித்துக்கொண்டான்.

சாயங்காலம் அவள் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். வழக்கம்போலத் தீபாராதனை நடந்தது. எதுவும் மாறவில்லை.

சிஜில் வந்தது. அரசாங்க முத்திரையோடு ஒரே ஒரு தாள். ஒத்தைப்பாலத் தோட்டத் தொழிலாளர் ஐக்கிய சங்கம் நன்னிலையில் உள்ளது என்று அதில் எழுதியிருந்தது. அழகேசன் ஆலையிலிருந்து திரும்புவதற்குள் ரெங்கசாமி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சன்னதியில் அம்மன் பக்கத்திலேயே மாட்டி, சந்தனப் பொட்டும் வைத்துவிட்டார். பெர்மிட் கொடுக்கிறவர்களுக்கு அசல் வேண்டுமே என்று அதைக் கழற்றி எடுப்பதற்கு அழகேசன் அவரோடு ஒரு பாட்டம் சண்டை போட வேண்டியிருந்தது. பொட்டைத் துடைத்த இடத்தில் லேசாக மஞ்சள் கறை. அதோடேயே கொண்டுபோய்க் கொடுத்தான். அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று காலையில் வேன் கோயில் முன்னால் வந்து நின்றது. பெர்மிட்டில் பன்னிரண்டு பேர். ஏற வேண்டிய பிள்ளைகளும் பன்னிரண்டு. லெட்சுமியும் சீருடையில் வந்திருந்தாள். ரமணி அதிகாலையிலேயே எழுந்து சந்திரிகாவுக்குத் தலை பின்னி விட்டிருந்தாள். அழகேசன் வேன் கிட்டே போய்ப் பார்த்தான். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் மஞ்சள் துணி விரித்து, மேலே ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. பின்னால் பதினொரு பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். சந்திரிகா மட்டும் புத்தகப் பையோடு கீழே நின்றாள்.

அது யாருக்கு என்று அழகேசன் கேட்டான். தங்கராஜு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, அம்மாவுக்கு என்றான். வேலம்மாக்கா விரிக்கச் சொன்னதாம். சங்கத்திலிருந்துதான் பேரை எடுத்தாயிற்று, வண்டியிலாவது ஒரு இடம் இருக்கட்டும் என்று நாலு பேர் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். ஏகமனதாக.

ரெங்கசாமி அவன் தோளில் கை போட்டார்.

"உம்பொண்ணுதான அழகேசா. எப்பவும்போல நீயே சைக்கிள்ல கொண்டு போய் விட்டுடேன். செயலாளர் மகளுக்கு மொத எடம் குடுத்தா நாலு பேரு பேசுவாங்க லா."

ரமணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கிள்ளானுக்கு அலைந்தது, லயம் லயமாக ஏறி இறங்கியது, பாலத்தில் தொண்டை கிழியப் பேசியது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அழகேசனுக்கு நினைவு வந்தது. கத்தியிருப்பான். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தங்கராஜு கையில் கொடுத்தான். மஞ்சள் துணியை நாலாக மடித்துக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தான். கதவை முழுக்கத் திறந்தான்.

ஏறு என்று மகளிடம் சொன்னான். அவள் அசையவில்லை. அம்மன் இடம் அப்பா என்று மெதுவாகச் சொன்னாள்.

"உங்கிட்ட ஐ.சி. இருக்குல்ல? ஏறி உக்காரு."

சந்திரிகா ஏறினாள். இருக்கையின் நுனியில், பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வேலம்மா வந்தாள். இருக்கைக்குச் சாத்துவதற்காகக் கட்டிய மல்லிகைச் சரம் அவள் கையில் இருந்தது. அழகேசன் கதவை விட்டு நகரவில்லை. இனி இவளோடும் ஒரு சண்டையா என்று அலுத்துப்போய் நின்றான். வேலம்மா அந்தப் பெண்ணை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். புதுச் சப்பாத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அழகேசனைக் கையால் ஒதுக்கிவிட்டு உள்ளே குனிந்து, சரத்தைச் சந்திரிகாவின் சடையில் சுற்றினாள்.

"அத்த, டீச்சர் ஏசுவாங்க," என்றாள் சந்திரிகா.

"பாலம் வரைக்கும் வச்சிரு. தாண்டினதும் கழட்டிக்க."

வேன் புறப்பட்டது. ரமணி ஓடி வந்து சாலை நடுவில் நின்று பார்த்தாள். வேன் பாலத்தில் ஏறியபோது முன்ஜன்னலில் அந்தப் பூ வெள்ளையாகத் தெரிந்தது. தாண்டிய பிறகும் தெரிந்தது. வேலம்மா அந்தத் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆலைச் சங்கு ஊதிவிட்டது. அழகேசன், பின்னால் யாரும் உட்காராத சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.